போகாத ‘லைவ்’: ஒரு பழைய டீவியின் திரையில் படிந்த வரலாறு

2022 ஒக்டோபரில் நாங்கள் பதினாறு பேர் காசு சேர்த்துக் கல்முனையில் ஒரு பழைய டீவி வாங்கினோம். நவம்பர் 20ஆம் திகதி கட்டாரில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் தொடங்க இருந்தது. அதை ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும், முடிந்த பிறகு மாதம் ஒரு படம் போட்டுப் பேச வேண்டும் என்பது எங்கட திட்டம். புது டீவி வாங்குகிற நிலைமையில் எங்களில் யாரும் இருக்கவில்லை. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. கடைகளில் அடுக்கியிருந்த டீவிகளின் விலையும் அதோடு சேர்ந்து ஏறிப் போயிருந்தது. அதனால் எங்களில் ஒருவருக்கு மாமா முறையான ஒரு வியாபாரியிடம், சாப்பாட்டுக் கடையொன்றில் இருந்து கழற்றி வந்த 42 இஞ்சி பிளாஸ்மா டீவியை வாங்கினோம்.

கடையில் போட்டுக் காட்டும்போது கலர் கலராக ஒரு பாட்டு ஓடியது. எல்லாருக்கும் பிடித்துப் போனது. “நல்ல சாமான் மனே, கட்டார்ல இருந்து கொண்டு வந்தது. இப்ப இப்பிடிக் கனமான சாமான் செய்யிறல்ல” என்றார் மாமா. தூக்கிப் பார்த்தோம், கனம்தான். ரெண்டு பேர் பிடித்து முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அன்று இரவு அறையில் லைட்டை நிறுத்திவிட்டு ஒரு படம் போட்டோம். படம் தொடங்க முன்னர் திரை சில வினாடிகள் வெறும் சாம்பல் நிறத்தில் நின்றது. அப்போதுதான் கண்டோம். கீழே திரையின் அகலத்துக்கு ஒரு மங்கலான பட்டை. வலது மூலையில் வட்டமாக ஒரு செய்தி அலைவரிசையின் சின்னம். இடது மூலையில் சின்னப் பெட்டியொன்று, அதற்குள் ‘லைவ்’ என்ற எழுத்து. டீவியில் எந்த அலைவரிசையும் போட்டிருக்கவில்லை. படம் தொடங்கிய பிறகும் கதாநாயகியின் நெற்றிக்கு மேலே அந்த ‘லைவ்’ அப்படியே நின்றது.

இதைத்தான் டெக்னீசியன்மார் ‘ஸ்கிரீன் பேர்ன்’ என்கிறார்கள். எங்கட ஊரில் ‘நிழல் விழுந்திருக்கு’ என்றும் சொல்வார்கள். அந்த நிழலை எடுக்க நாங்கள் பட்ட பாடும், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

நிழல் எப்படி விழுகிறது?

சுவரில் பல வருடம் தொங்கிய கலண்டரைக் கழற்றினால் அந்த இடம் மட்டும் புதுப் பெயின்ற் போலத் தெரியும். கலண்டருக்குக் கீழே சுவர் வெயில் படாமல் இருந்தது, சுற்றியுள்ள பகுதி வெளிறிப் போனது. திரையில் நடப்பதும் இதுதான், ஆனால் தலைகீழாக. எந்த இடத்தில் வெளிச்சம் நெடுகவும் நின்றதோ அந்த இடம்தான் தேய்ந்து போகும்.

பழைய பெட்டி டீவியை எடுத்துக்கொள்வோம். 1897இல் ஜேர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கதிர்க் குழாயில் இருந்து வந்தது அது. கண்ணாடிக் குழாயின் பின்பக்கத்தில் இருந்து எலெக்ட்ரோன்கள் பாய்ந்து வந்து முன்பக்கக் கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பொஸ்பர் பூச்சில் மோதும். மோதிய இடம் ஒளிரும். ஒவ்வொரு மோதலும் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்கும். படம் அசைந்துகொண்டே இருந்தால் தேய்மானம் எல்லா இடத்துக்கும் பரவி, டீவி முழுவதும் ஒரேயளவாக வயதாகும், நமக்கும் தெரியாது. ஒரு எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த எழுத்தின் வடிவத்தில் பூச்சு முந்தி வயதாகிவிடும். அதற்குப் பிறகு என்ன படம் போட்டாலும் அந்த இடம் கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும்.

பிளாஸ்மாவில் எலெக்ட்ரோன் துப்பாக்கி இல்லை. நியோன், ஸெனோன் வாயுக்கள் அடைத்த சின்னஞ்சிறு அறைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். மின்சாரம் போகும்போது வாயு புற ஊதாக் கதிரை விடும், அது சிவப்பு, பச்சை, நீலப் பொஸ்பரை ஒளிரவைக்கும். தேய்கிற கதை அங்கேயும் அதேதான். இப்போது வருகிற ஓஎல்ஈடி டீவியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் ஒரு கரிமச் சேர்மம். அதில் நீலம் மற்ற நிறங்களை விட விரைவாகத் தேயும். எல்சிடி, எல்ஈடி டீவிகள் வேறு சாதி. அவற்றில் வெளிச்சம் பின்னாலுள்ள விளக்கில் இருந்து வருகிறது, முன்னாலுள்ள திரவப் படிகம் கதவு மாதிரித் திறந்து மூடுகிறது. அதிலும் நிழல் விழும். ஆனால் பெரும்பாலும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால், அல்லது வேறு படங்களை ஓடவிட்டால் போய்விடும்.

இது பழைய வருத்தம்

இந்தப் பிரச்சினை டீவியோடு கூடப் பிறந்தது. 1940களின் டீவிகளில் திரையின் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கறை வரும். குழாய்க்குள் எலெக்ட்ரோன்களோடு சேர்ந்து பாரமான அயன்களும் பாய்ந்தன. எலெக்ட்ரோனைத் திருப்புகிற காந்தத்தால் அயனைத் திருப்ப முடியவில்லை. அவை நேரே போய் நடுவில் குத்தின. அயனைத் தடுக்கச் சின்னக் காந்தமொன்றைக் குழாயின் கழுத்தில் மாட்டினார்கள். பிறகு பொஸ்பருக்குப் பின்னால் மெல்லிய அலுமினியப் படலம் பூசி அந்த வருத்தத்தை மாற்றினார்கள்.

அடுத்தது கணினியின் காலம். வங்கிகளிலும் அலுவலகங்களிலும் ஒரே மெனு நாள் முழுக்கத் திரையில் நின்றது. நிறுத்திய பிறகும் அந்த மெனு தெரிந்தது. 1983 டிசம்பரில் ‘சொஃப்ட்டோக்’ என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் ஜோன் சோச்சா என்பவர் ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். மூன்று நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரையை இருட்டாக்கிவிடும், அவ்வளவுதான். ‘ஸ்கிரீன் சேவர்’ என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. பாடசாலைக் கணினி அறைகளில் நாங்கள் பார்த்துச் சிரித்த குழாய்களும் பறக்கும் நட்சத்திரங்களும் அழகுக்காகத் தொடங்கியவை அல்ல.

பிளாஸ்மாவின் கதை இன்னும் வேடிக்கையானது. 1964இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லொட்டோ ஆகியோரும் மாணவரான ரொபர்ட் வில்சனும் சேர்ந்து அதைச் செய்தார்கள். மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ‘பிளேட்டோ’ என்ற கணினித் திட்டத்துக்கு ஒரு திரை தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் கணினியின் நினைவகம் பொன்னை விட விலை. ஒருமுறை சொன்னால் படத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும் திரை என்பதால்தான் பிளாஸ்மா அவர்களுக்குப் பிடித்தது. சும்மா நிற்கும் படத்துக்கென்றே பிறந்த திரை, முப்பது வருடம் கழித்து வீட்டுக்கு டீவியாக வந்தபோது சும்மா நிற்கும் படத்தாலேயே பழுதாகியது.

எங்கட கரைக்கு டீவி வந்தது

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து விடப்பட்டது. 1979 ஏப்ரல் 13இல் ஐ.ரி.என். கொழும்பில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தனியார் தொடங்கியதை ரெண்டு மாதத்துக்குள், யூன் 5இல், அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதன் அலை கொழும்பையும் அண்டிய இடங்களையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகலை உச்சியில் நாட்டிய கோபுரத்தால் தொலைவில் இருந்த ஊர்களும் படம் பிடிக்கத் தொடங்கின.

அதே வருடங்களில்தான் எங்கட வாப்பாமார், சாச்சாமார், ராத்தாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போகத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் வந்தது 1985இல். சனம் அதற்கு முந்தியே போய்விட்டது. திரும்பி வரும்போது கட்டுநாயக்காவில் தீர்வையற்ற கடையில் டீவி எடுப்பது ஒரு வழக்கமாகியது. அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி, பேர் எழுதி, வானில் ஏற்றி ராவு முழுக்க ஓடி விடியக் காலையில் வந்து இறங்குவார்கள். ஒரு வீட்டுக்கு டீவி வந்தால் அது ஒழுங்கைக்கே வந்த மாதிரி. டீவியையும் ‘டெக்’கையும் ஒரு ராவுக்கு வாடகைக்கு எடுத்து மூன்று படம் தொடராகப் பார்த்த கதையை எங்கட உம்மாமார் இன்னும் சொல்வார்கள்.

அந்தப் பெட்டிகளில் எங்கட மூத்தவங்க யாரும் இப்படி நிழல் கண்டதாகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒளிபரப்பு மாலையில் சில மணித்தியாலம்தான். மூலையில் நிரந்தரமாக எந்தச் சின்னமும் நிற்கவில்லை. நிற்காததால் தேயவும் இல்லை.

நிற்கும் பொருள்கள் திரைக்கு வந்தது 1990களில். 1992இல் இங்கிலாந்தில் ஸ்கை ஸ்போர்ட்ஸ் உதைபந்தாட்டத்தின்போது கோல் கணக்கையும் நேரத்தையும் மூலையில் விடாமல் காட்டத் தொடங்கியது. அலைவரிசைகள் பெருகப் பெருக, யாருடைய படம் என்று காட்டச் சின்னத்தை மூலையில் குத்தி வைத்தார்கள். எங்கட நாட்டில் 1998இல் சக்தி வந்தது, 2009இல் வசந்தம் வந்தது. கீழே ஓடும் செய்திப் பட்டை நிலைத்து நின்றதற்கும் ஒரு நாள் இருக்கிறது. 2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க் கோபுரங்கள் தாக்கப்பட்ட அன்று, சொல்ல வேண்டியது கூடிப்போனதால், அமெரிக்கச் செய்தி அலைவரிசைகள் அந்தப் பட்டையை ஓட விட்டன. பிறகும் நெடுநாள் எடுக்கவில்லை. உலகம் முழுக்க அதைப் பார்த்துச் செய்தது. 42 இஞ்சி வண்ணப் பிளாஸ்மா விற்பனைக்கு வந்ததும் 1990களின் பின்பாதியில்தான். தேயக்கூடிய திரையும் தேய்க்கக்கூடிய சின்னமும் ஒரே காலத்தில் சந்தித்துக்கொண்டன.

எங்கட டீவியில் இருந்தது யாருடைய நிழல்?

மாமாவிடம் கேட்டு, டீவி இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். முதலாளி தேத்தண்ணி தந்தார். “அந்த டீவிய நாங்க மாத்திறல்ல தம்பி. சுபஹுக்குக் கட தொறந்தா நியூஸ் போடுற. ராவைக்கு மூடக்குள்ளதான் நிப்பாட்டுற” என்றார். எப்போதிருந்து என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “குண்டு வெடிச்ச நாள்ல இருந்து” என்றார்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, எங்கட சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தார்கள். உள்ளே குண்டுகள் வெடித்தன. செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு. சமூக ஊடகங்களும் அந்த நாட்களில் முடக்கப்பட்டிருந்தன. வெளியில் என்ன நடக்கிறது, நாளைக்கு நமக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள மிச்சமிருந்தது டீவி மட்டும்தான். யாருடைய வீட்டைச் சோதித்தார்கள், யாரைக் கொண்டு போனார்கள் என்ற பயத்தோடு எல்லாரும் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது அடங்க முந்தி 2020 மார்ச் வந்தது. கொரோனா ஊரடங்கு. ஏப்ரலில் வந்த வர்த்தமானி கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்றது. மையித்தை அடக்க விடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு வருத்தம் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடக்கும் வரை, ஏறத்தாழ பதினொரு மாதம், ‘இன்றைக்கு அனுமதி வருமா’ என்று செய்தி பார்த்தோம். பிறகு 2022. கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனதையும் கரண்ட் இருந்த நேரங்களில் அதே திரையில்தான் கடை பார்த்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த மூன்றரை வருடத்தில் அந்தத் திரையில் ஓடிய எந்த முகமும் பதியவில்லை. அழுத தாயும் இல்லை, பேசிய அமைச்சரும் இல்லை, எரிந்த கட்டடமும் இல்லை. அவையெல்லாம் அசைந்தன, போய்விட்டன. பதிந்தது மூன்று: அலைவரிசையின் சின்னம், செய்திப் பட்டை, ‘லைவ்’ என்ற எழுத்து. என்ன நடந்தது என்று அந்தத் திரை சொல்லாது. ஒரு ஊர் எவ்வளவு காலம் காத்துக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லும்.

எங்கட கரையில் சின்ன விசயங்களுக்குப் பதிவு குறைவு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோர வீடுகளோடு கல்யாண அல்பங்களும் கொப்பிகளும் கசெட்டுகளும் போயின. அதனால் வேண்டாமல் பதிந்த ஒரு தழும்பைக் கூடச் சும்மா தூக்கி எறிய எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் டீவி வாங்கியது படம் பார்க்கத்தானே. எடுக்க முடியுமா என்று பார்த்தோம்.

எடுக்கப் பார்த்தது

டீவி திருத்துகிற ஒரு காக்காவிடம் கேட்டோம். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: “தேஞ்சதத் திரும்ப வளக்க ஏலாது. மிச்சத்தையும் தேச்சாத்தான் சமனாகும்.”

நாங்கள் கேட்கவில்லை. திரை முழுக்க வெள்ளையாகவும், வெள்ளைப் பட்டையொன்று இடமிருந்து வலமாக ஓடும்படியும் ஒரு வீடியோவை யூஎஸ்பியில் போட்டு, பத்து ராவு, ராவுக்கு எட்டு மணித்தியாலம் ஓடவிட்டோம். முதல் ரெண்டு நாளில் நல்ல மாற்றம். வட்டச் சின்னத்தின் ஓரம் கலங்கியது. சந்தோசப்பட்டோம். அது தற்காலிகமாகத் தங்கிய நிழல் மட்டும்தான் என்று பிறகு விளங்கியது. பிளாஸ்மா அறைகளில் கொஞ்ச நேரம் தங்கும் நிழல் வேறு, பொஸ்பர் தேய்ந்த நிழல் வேறு. முதலாவது போகும். மற்றது போகாது.

நாலாம் நாளுக்குப் பிறகு ‘லைவ்’ மெல்ல மெல்ல மங்கியது உண்மை. ஆனால் சுற்றியுள்ள திரையின் வெளிச்சமும் அதோடு இறங்கியது. காக்கா சொன்னபடிதான். நாங்கள் நிழலை அழிக்கவில்லை, மற்ற இடத்தையும் கிழவனாக்கிக்கொண்டிருந்தோம். கரண்டும் சும்மா வருவதில்லை. வெள்ளைத் திரையில் பிளாஸ்மா 250 வாட் அளவு இழுத்தால் பத்து ராவில் 20 யுனிட். அந்த ஓகஸ்டில்தான் மின் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டியிருந்தார்கள். பில் வந்ததும் வெள்ளைத் திரையை நிறுத்தினோம்.

கடைசியில் செய்தது எளிய வேலைகள். கொன்ட்ராஸ்டைப் பாதியாக இறக்கினோம். ‘விவிட்’ மோடில் இருந்ததை ‘சினிமா’ மோடுக்கு மாற்றினோம். படத்தைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு புள்ளி நகர்த்தும் வசதி மெனுவில் இருந்தது, அதைப் போட்டோம். இனி எந்த அலைவரிசையையும் சும்மா ஓடவிடுவதில்லை என்று முடிவெடுத்தோம். பழைய நிழல் கூடவில்லை, குறையவும் இல்லை.

திருப்பிக் கொடுத்திருக்கலாமா?

இதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. ஒரு பக்கம், பதினாறு பேருடைய காசு. மறுபக்கம், எங்களில் ஒருவருடைய மாமா. அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். மாமாவிடம் கேட்டபோது, “பாவிச்ச சாமான் எண்டு சொல்லித்தானே மருமகன் தந்த” என்றார். அது பொய்யில்லை. ஆனால் பாவித்தது என்று சொல்வதும், இந்த இடத்தில் நிழல் இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினோம். எங்கட நாட்டில் பொருள் விற்பனைக்கு இன்றும் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. 1893இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. அந்த வகைப் பொருளை வியாபாரம் செய்கிற ஒருவர் விற்றால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாங்கள் கடையில் பார்த்தது கலர்ப் பாட்டு. சாம்பல் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

ஊரில் மார்க்கம் படித்த ஒரு பெரியவரிடமும் கேட்டோம். விற்க முந்தியே இருந்த குறை பிறகு தெரிய வந்தால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். ‘கியாருல் அய்ப்’ என்று அதற்குப் பெயர். குறையைச் சொல்லாமல் மறைத்து விற்பது கூடாது. ஆனால் ஷாபிஈ மத்ஹபில் குறை தெரிந்த உடனேயே திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் பொருளைப் பாவித்தால் அந்த உரிமை போய்விடும். “நீங்க தெரிஞ்ச பொறகு எத்தின நாள் வெச்சிருந்தயள்?” என்று கேட்டார். பத்து ராவு வெள்ளைத் திரை ஓட்டியதைச் சொன்னோம். சிரித்துவிட்டார்.

லண்டனில் எழுதிய சட்டத்தின் வழி வந்ததும் ஊர்ப் பெரியவர் சொன்னதும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. விற்கிறவர் வாய் திறக்க வேண்டும், வாங்குகிறவர் கண் திறக்க வேண்டும், பிழை கண்டால் சுணங்கக் கூடாது. மாமா பிறகு விலையில் ஒரு பங்கைத் தானாகத் திருப்பித் தந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. அந்தக் காசில் ஸ்பீக்கர் வாங்கினோம்.

வாங்கப் போறவங்களுக்கு

நாங்கள் பட்டதை நீங்களும் படாமல் இருக்கச் சில விசயம்.

யூஎஸ்பியில் ஐந்து படம் கொண்டு போங்க: வெறும் சாம்பல், வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். கடை லைட்டை நிறுத்தச் சொல்லி ஒவ்வொன்றாகப் போட்டு நாலு மூலையையும் கீழ்ப் பகுதியையும் பாருங்க. அரை மணித்தியாலம் ஓடிய பிறகு மறுபடி பாருங்க. அதற்குள் மங்கினால் அது தற்காலிக நிழல். மங்காவிட்டால் அது தேய்மானமாக இருக்கலாம்.

எல்லாக் கறையும் பேர்ன் இல்லை. பழைய பெட்டி டீவியின் மூலையில் ஊதாவும் பச்சையுமாகக் கலர் கலங்கியிருந்தால், பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்த காந்தத்தின் வேலையாக இருக்கும். அதற்குக் காந்தம் எடுக்கும் சுருள் இருக்கிறது. எல்ஈடி டீவியில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பின்விளக்கின் மேலிருந்த சின்ன லென்ஸ் கழன்று விழுந்திருக்கும். அதைத் திருத்தலாம். இந்த ரெண்டையும் பேர்ன் என்று நினைத்து நல்ல டீவியைக் குப்பையில் போட வேண்டாம்.

பிளாஸ்மா இனிப் புதிதாக வராது. பானசோனிக் 2013 இறுதியிலும், சாம்சுங்கும் எல்ஜியும் 2014இலும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டன. பெனல் போனால் மாற்றுப் பெனலுக்கு வழியில்லை என்று தெரிந்துகொண்டு வாங்குங்க.

ஓஎல்ஈடி வைத்திருக்கிறவங்களுக்கு ஒரு முக்கியமான விசயம். அந்த டீவிகள் சில மணித்தியாலம் ஓடிய பிறகு ரிமோட்டால் நிறுத்தினால், ஸ்டான்பையில் இருந்துகொண்டு புள்ளிகளின் தேய்மானத்தைத் தானே அளந்து சரிசெய்யும். நம்மட பழக்கம் என்ன? சுவர் சுவிட்சை அடிச்சு நிப்பாட்டுறது. இடி மின்னலுக்கு ப்ளக்கைக் கழற்றுவது சரி, கழற்றத்தான் வேணும். மற்ற நாட்களில் ரிமோட்டால் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு சுவிட்சை நிறுத்துங்க.

கடைகளில் நாள் முழுக்க ஓடும் மக்கா நேரலையும், பள்ளிகளில் தொழுகை நேரம் காட்டும் திரையும் இதே ஆபத்தில்தான் இருக்கின்றன. நேரப் பலகைக்கு ஓஎல்ஈடியோ பிளாஸ்மாவோ வேண்டாம், எல்ஈடி போதும். வெளிச்சத்தைக் குறைத்து, ராவில் நிறுத்தி வையுங்க.

மிச்சம்

உலகக் கிண்ணம் முழுவதையும் அந்த டீவியில்தான் பார்த்தோம். டிசம்பர் 18 இறுதிப் போட்டியில் ஆர்ஜென்ரீனாவும் பிரான்சும் 3–3 என்று நின்று பெனால்டிக்குப் போனபோது அறையில் நிற்க இடமில்லை. இடது மூலையில் கோல் கணக்குப் பெட்டி. அதற்குப் பின்னால் பழைய ‘லைவ்’. அன்று அது பொருத்தமாகத்தான் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

டீவியின் பின்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எப்போது வாங்கினது, எங்கே என்ன நிழல் இருக்கிறது, பத்து ராவு வெள்ளைத் திரை ஓட்டினது எல்லாம் அதில் இருக்கிறது. நாளைக்கு நாங்கள் விற்றாலும் வாங்குகிறவர் வாசித்துவிட்டு வாங்கட்டும்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலோ கடையிலோ பழைய டீவி இருந்தால், அதை இரும்புக்குப் போட முந்தி ஒருமுறை லைட்டை நிறுத்திவிட்டுச் சாம்பல் திரையைப் போட்டுப் பாருங்க. ஏதாவது தெரிந்தால் ஃபோட்டோ எடுங்க. அது என்ன வகை இடத்தில் இருந்த டீவி, என்னத்தை நெடுகப் போட்டிருந்தார்கள் என்று ரெண்டு வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்க. ஆட்களின் பேர் வேண்டாம். சேர்ந்தால் ஒரு நாள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.